மலைக்குள் ஒரு கைப்பிடி இருள்

மலையை நாம் வெளியிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். தேவாரத்தில் விடியுமுன் சோற்றுத் தூக்கும் கொங்காணியுமாக ஜீப்புக்குக் காத்து நிற்கும் பெண்களுக்கு முன்னால், அவர்கள் ஏறப்போகும் ஏலமலை மேற்கே ஒரே சுவராக எழுந்து நிற்கிறது. கிழக்கே, கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகளையும் திராட்சைப் பந்தல்களையும் நெல்வயல்களையும் தாண்டி, அலை அலையாக மேகமலை. இரண்டு மலைகளுக்கும் நடுவே பிறந்து, இரண்டின் காற்றையும் நீரையும் உண்டு வளர்ந்தும், நாம் அவற்றை அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் வானிலை கேட்பதற்கே. மேகம் இறங்கியிருக்கிறதா? ஏலச்செடி நனையுமா? சாக்குலூத்து மெட்டுப் பாதையில் இன்றைக்கு நடக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். மலைக்கு ஓர் உள்ளும் உண்டு என்பது நம் நினைவில் வருவதேயில்லை.

உண்டு. பாறையும் பாறையும் சாய்ந்து கூடிய இடங்களில், ஓடை பாறைக்கு அடியில் மறைகிற இடங்களில், வேர்கள் திரையாகத் தொங்கும் சரிவுகளின் பின்னால், புடவுகள் என்னும் சிறு குகைகள் இருக்கின்றன. தேனெடுக்கப் போகும் பளியர்கள் அவற்றை அறிவார்கள். எதில் மழைக்கு ஒதுங்கலாம், எதில் கரடி படுத்திருக்கும், எதன் வாசலில் நின்றாலே உள்ளிருந்து வரும் வாடை வௌவால் உண்டு என்று சொல்லும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வரைபடத்தில் அவற்றுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. மேகாலயாவின் குகைகளை அளந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கண்டிருக்கிறார்கள். அங்கே கிரெம் பூரி என்ற மணற்கல் குகை 2018இல் அளந்து முடிந்தபோது இருபத்து நான்கு கிலோமீட்டரைத் தாண்டியது. அதன் முன் நம் மலையின் புடவுகள் எம்மாத்திரம்! இருபது முப்பது அடி உள்ளே போனால் முடிந்துவிடும். ஆனாலும் சிறியதன் முன்தான் என் மனம் கூடுதலாகப் பணிகிறது. பெரியது தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளும். சிறியதன் பெருமை, குனிந்து நுழைபவருக்கு மட்டுமே தெரிகிறது.

முதலில் அந்தப் பாறையைச் சற்றுப் பார்ப்போம். ஏலமலையும் மேகமலையும் பெரும்பாலும் சார்னோகைட் என்ற கருநீலக் கல்லால் ஆனவை. நம் வீட்டுக் கடைக்காலிலும் கோயில் படியிலும் கிடக்கிற அதே இறுகிய கல். கல்கத்தா நகரோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இவ்வினக் கல்; சென்னைக்கு அருகிலிருந்து வெட்டி எடுத்துப் போனது; அதை வைத்தே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இக்கல்லுக்குப் பெயர் சூட்டினார். நம் மலைகளில் இந்தக் கல் கடைசியாக வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. தென்கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்ற பெருநிலமாகக் கூடிய காலம் அது. அப்போது இன்றைய மலைமுகடு, தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே, எந்த ஒளியும் எட்டாத கொதிப்பில் கிடந்தது. மேலே கிடந்த மண்ணும் கல்லும் யுகம் யுகமாகக் கரைந்து போக, புதைந்து கிடந்தது மெல்ல மெல்ல மேலெழுந்து வெயில் கண்டது. நாம் கல் என்று தட்டிவிட்டுப் போவது, பூமியின் அடிவயிறு.

இப்படி இறுகிய கல்லுக்குள் புடவு எப்படிப் பிறந்தது? கடலோரக் குகையை அலை குடைகிறது. இரவும் பகலும் ஓயாமல் மோதி, மோதும் ஒவ்வொரு முறையும் விரிசலுக்குள் காற்றை அழுத்தி, மணலையும் கூழாங்கல்லையும் உளியாக்கி, சில ஆயிரம் ஆண்டுகளில் ஒரு மண்டபத்தைத் திறந்துவிடுகிறது. நம் மலைக்கு அலை வாய்க்கவில்லை. வாய்த்தது மழைத்துளி. மேலிருந்த பாரம் நீங்கியதால் கல் விரிவடைந்து, தகடு தகடாக, கட்டம் கட்டமாக வெடிப்பு விடுகிறது. அந்த மயிரிழை வெடிப்பில் மழைநீர் இறங்குகிறது. நீரில் காற்றிலிருந்தும் இலைமக்கிலிருந்தும் கரைந்த சிறிதளவு அமிலம் உண்டு. அது கல்லின் ஒரு பகுதியைக் களிமண்ணாக்குகிறது. அடுத்த மழை களிமண்ணைக் கழுவிக்கொண்டு போகிறது. அத்திவேர் ஒன்று உள்ளே தேடி வந்து வெடிப்பை அகட்டுகிறது. இப்படியே, யாரும் பார்க்காமல், யாருக்கும் கேட்காமல், ஒரு வெற்றிடம் பிறக்கிறது. அதன் அகலம் ஒரு மனிதன் புரண்டு படுக்கும் அளவுதான். ஆனால் அதைத் திறந்து வைக்க எத்தனை கார்த்திகை மழைகள் வேண்டியிருந்தன என்று எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

மனிதனும் இந்த மலைக்குள் ஒரு குகை வேண்டும் என்று நினைத்ததுண்டு. தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரத்தை ஒட்டிய மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன, சுரங்கம் தோண்டப்படவில்லை. அந்த வாதங்களை இங்கே எடுக்கப்போவதில்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்றுதான். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் நம் விரல்நகம் அளவுள்ள ஓர் இடத்தை ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி எண்ணிக்கையில் ஊடுருவிச் செல்கின்றன. நம்மையும் மலையையும் பூமியையும் கடந்து அவை போய்க்கொண்டே இருக்கின்றன. நியூட்ரினோக்களில் ஒன்றிரண்டையாவது காண வேண்டுமானால், மற்ற எல்லா இரைச்சலையும் தடுக்க எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும் என்றார்கள். மிக நுண்ணியதைக் காண மிகப் பெரிய இருட்டு தேவைப்படுகிறது. மழை குடைந்த சின்னப் புடவுகளும் அப்படி ஓர் அமைதியைக் காத்து வைத்திருக்கின்றன. அங்கே நாம் காணப்போவதற்கு உயிர் உண்டு.

ஒரு குகையை அளப்பவர் அவசரப்பட முடியாது. அதுவே அந்தத் தொழிலின் அழகு. வாசலில் ஒரு கல்லை முதல் நிலைப்புள்ளியாகக் குறித்துக்கொள்வார். அங்கிருந்து கண்ணுக்கெட்டும் அடுத்த புள்ளிவரை நாடா பிடித்துத் தூரம் எடுப்பார், காம்பஸில் திசை, சாய்வுமானியில் ஏற்ற இறக்கம். இப்போது இம்மூன்றையும் ஒரே நொடியில் சொல்லும் லேசர் கருவிகள் வந்துவிட்டன. பிறகு அந்தப் புள்ளியிலேயே நின்று, இடப்பக்கச் சுவர் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு, கூரை எவ்வளவு உயரம், தரை எவ்வளவு தாழ்வு என்று நான்கையும் குறிப்பார். பென்சிலால் ஒரு குறுக்குவெட்டு வரைவார். அதன்பின்தான் அடுத்த அடி. பார்த்துவிட்டு ஓடிவருபவருக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் புடவு, அளப்பவருக்கு அரைநாளுக்கும் தீராது. ஒவ்வொரு புள்ளியிலும் நின்றாக வேண்டும். நிற்கும்போது கண் பழகுகிறது. கண் பழகப் பழக, வெறும் இருட்டு என்று தோன்றிய இடம் நிறைந்து வழிகிறது.

வாசலில் வெயில் சாய்வாக விழும் வரை பாசியும் பெரணியும் செழித்திருக்கும். ஒளி மெலிய மெலிய பெரணி நின்றுபோகும். பாசி மட்டும் இன்னும் சில அடி துணைக்கு வரும். பிறகு அதுவும் விடைபெறும். எவ்வளவு ஒளி இருந்தால் எந்த இலை வாழும் என்பதைக் கோடு கிழித்துக் காட்டிய கணக்கு இது. அதைத் தாண்டினால் அந்தியின் நிறத்தில் ஒரு நடுப்பகுதி. அங்கே நீண்ட கொம்புகளால் தடவித் தடவி நடக்கும் குகைப்பூச்சிகளும், கால்களை விரித்து அசையாமல் காத்திருக்கும் சிலந்திகளும் உண்டு. அதற்கும் அப்பால் முழு இருள். வெளியே சித்திரை வெயில் கல்லைப் பிளந்தாலும், மார்கழிப் பனி ஏலச்செடியை நடுங்க வைத்தாலும், அங்கே வெப்பம் அதிகம் மாறுவதில்லை. அந்த இடத்து ஆண்டு முழுவதன் சராசரியை ஆழத்துக் காற்று தன்னுள் வைத்துக்கொண்டிருக்கிறது. கருவறைக்குள் நுழையும்போது நாம் செருப்பைக் கழற்றிக் குரலைத் தாழ்த்துகிறோமே, யாரும் சொல்லாமலே இங்கும் அப்படித்தான் ஆகிவிடுகிறோம்.

கூரையை நோக்கிப் பெரிய விளக்கை உயர்த்தக் கூடாது. சிவப்புத் தாள் ஒட்டிய சிறு விளக்கு போதும். அங்கே, தலைகீழாக, தம் கைகளையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு, அவை உறங்குகின்றன. கைகள் என்றுதான் சொல்ல வேண்டும். வௌவாலின் சிறகில் நம் கையின் அதே எலும்பமைப்பு உண்டு: தோள், முழங்கை, மணிக்கட்டு, நீண்டு நீண்டு குடைக்கம்பியான நான்கு விரல்கள், பற்றிக்கொள்ள ஒரு பெருவிரல். அவற்றினிடையே பட்டும் வெட்கும் மெல்லிய தோல். பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். 1,400க்கும் மேற்பட்ட வகைகள். உண்மையாகச் சிறகடித்துப் பறக்கும் வரம் பாலூட்டிகளில் இவற்றுக்கு மட்டுமே கிடைத்தது. தொங்குவதற்கு அவை பிரயாசைப்படுவதில்லை. உடலின் எடையே காலின் தசைநாணை இழுக்க, நகங்கள் தாமாக மடங்கிப் பூட்டிக்கொள்கின்றன. பிடியை விடுவதற்குத்தான் முயற்சி வேண்டும். நமக்கு விழாமல் இருப்பது உழைப்பு. அவற்றுக்கு அது ஓய்வு.

மேகமலையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1948இல், அங்கே தேயிலைத் தோட்ட அதிகாரியாக இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ஊரெங்கும் வாழைத்தோப்பிலும் பனையோலையிலும் காண்கிற குறுமூக்குப் பழந்தின்னி என்று அதற்குச் சீட்டு எழுதப்பட்டது. இழுப்பறையில் அது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கிடந்தது. பார்ப்பவர்கள் பார்த்தார்கள், சீட்டைப் படித்தார்கள், மூடி வைத்தார்கள். தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லோங்யா என்ற அறிஞர் அதை எடுத்துப் பார்த்தபோதுதான், சீட்டை விட்டுவிட்டு உயிரையே பார்த்தார். வெளியே தெரியும் வால் இல்லை. பற்களின் எண்ணிக்கையும் அகலமும் ஒத்துவரவில்லை. உலகத்தில் எந்தப் பேரினத்தோடும் அது பொருந்தவில்லை. 1972இல் லாட்டிடென்ஸ் என்று ஒரு புதிய பேரினமே வகுத்து, பறவையியல் பேரறிஞர் சாலிம் அலியின் பெயரால் லாட்டிடென்ஸ் சாலிமலி என்று அதற்குப் பெயர் சூட்டினார். அந்தப் பேரினத்தில் இன்றுவரை வேறு துணை கிடையாது. நாம் மழை கேட்டு அண்ணாந்து பார்த்த அதே முகட்டில், தனக்கென்று ஒரு குலத்தையே தனியாகச் சுமந்து நின்ற உயிர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

கிட்டியின் கண் இன்னொன்றையும் கண்டது. மறு ஆண்டு, 1973இல், தாய்லாந்தின் மேற்கே சுண்ணாம்புக் குகைகளில் இரண்டே கிராம் எடையுள்ள ஒரு வௌவாலை அவர் எடுத்தார். பாலூட்டிகளிலேயே மிகச் சிறியவற்றில் அது ஒன்று. அதற்கு ஒரு பெயரிடும் முன்பே, 1974இல், அவர் மறைந்துவிட்டார். அதன் பெயரில் இப்போது அவர் பெயர் இருக்கிறது. சிறியவற்றைக் கூர்ந்து பார்த்து வாழ்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுக்கல் யாரும் வெட்டியிருக்க முடியாது.

மேகமலை வௌவாலுக்கோ, அதன்பின் இன்னொரு நீண்ட மௌனம். உலகம் முழுவதிலும் அதற்குச் சான்று அந்த ஒரே உடல்தான். 1993இல் அதே மலையில் மீண்டும் அதைக் கண்டார்கள். அது பகலில் எங்கே தங்குகிறது என்பது அப்போதும் புதிராகவே இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிங்காரவேலனும் மாரிமுத்துவும் மேகமலைக் காப்பித் தோட்டப் பகுதி ஒன்றில் அதன் பகல் தங்குமிடமாக ஒரு குகையைக் கண்டறிந்து 2003இல் எழுதினார்கள். மழை குடைந்த புடவு. நாம் எம்மாத்திரம் என்று கடந்துபோன புடவு. பேரினம் ஒன்று பூமியில் தொடர்ந்து இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவே, இப்படிச் சில கைப்பிடி இருள்கள் நிற்கின்றன.

இருளுக்குள் நேரம் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை மதுரையில் எம்.கே. சந்திரசேகரன் கேட்டார். அவரும் மாரிமுத்துவும் உடன் ஆய்ந்தவர்களும் மதுரை அருகே ஒரு குகையின் ஆழத்தில், ஒளி எட்டாத, வெப்பமும் ஈரமும் மாறாத இடத்தில், பூச்சியுண்ணும் வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சூரியனைப் பார்க்காத அந்த வௌவால்கள், குகையில் தம் இனத்தார் போய்வந்துகொண்டிருந்தவரை நாள் தவறாமல் அந்தியில் விழித்தன, விடியலில் அடங்கின. இனத்தார் இல்லாத குகையில் வைத்தபோதோ, அவற்றின் நாள் மெல்ல நழுவி, வெளி உலகின் நாளோடு ஒட்டாமல் போயிற்று. 1981இல் இது வெளிவந்தது. வெளியே போய்வரும் உறவினர்களின் சலசலப்பே அவற்றுக்குக் கடிகாரம். இதை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு. வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் கிடக்கும் நம் பெரியவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தத்திலும் வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் சத்தத்திலும் பொழுதை அறிகிறார்களே. உறவு என்பது ஒருவருக்கொருவர் காலத்தை எடுத்துவந்து தருவதும்தான் போலும்.

அந்தி நெருங்கும்போது குகையின் உள்ளிருந்து சில வௌவால்கள் வாசல் வரை பறந்து வந்து, வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத் திரும்பும். சற்று நேரத்தில் மீண்டும் ஒரு முறை. போதிய அளவு இருண்டதும் புறப்பாடு. பூச்சியுண்ணும் வௌவால்கள் நம் காதுக்கெட்டாத குரலை வீசி, திரும்பி வரும் எதிரொலியில் உலகைப் பார்க்கின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆளுயரத் தொலைவிலுள்ள சுவரிலிருந்து அது திரும்பிவர நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். அந்த நூறில் ஒரு பங்குக்குள் சுவரா, இலையா, சிறகடிக்கும் அந்துப்பூச்சியா என்று தீர்மானித்து, திரும்பி, பிடித்து, விழுங்கி, அடுத்த குரலை வீசியாக வேண்டும். நூற்றுக்கணக்கில் ஒரே வாசல் வழி வெளியேறினாலும் ஒன்றோடொன்று மோதி விழுவது அரிது. பழந்தின்னிகளில் பெரும்பாலானவை இந்தக் குரல்வழியை நாடுவதில்லை. பெரிய விழிகளையும், காற்றில் வரும் பழமணத்தையும் நம்பிக் காட்டுக்குள் போகின்றன. ஒரே இருளைக் கடக்க ஒன்றுக்குக் குரல், இன்னொன்றுக்குக் கண். எதற்கு எது வேண்டுமோ அது அதற்குக் கிடைத்திருக்கிறது.

சாலிம் அலியின் பெயர் இன்னொரு குகைக் கதையிலும் வருகிறது. அது கடலோரக் கதை. அவர் பெயரைத் தாங்கி கோவை ஆனைகட்டியில் இருக்கும் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன், 1990களில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் குகைகளைத் தேடித் தேடிப் போனார். அலை மோதும் பாறைவாசல்கள் வழியாகவும், காட்டுக்குள் சுண்ணாம்புக் குன்றுகளிலும், முந்நூறுக்கும் மேற்பட்ட குகைகள். அங்கே உள்ளங்கையில் அடங்கும் ஓர் உழவாரக் குருவி, கும்மிருட்டில் டிக் டிக் என்று நம் காதுக்கும் கேட்கும் ஒலியை எழுப்பி வழி கண்டு பறந்து, தன் எச்சிலையே இழை இழையாகச் சுவரில் தடவி, உலரவிட்டு, மீண்டும் தடவிக் கூடு கட்டுகிறது. வேறு பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. தன்னிலிருந்தே தன் குஞ்சுக்கு வீடு. அந்தக் கூடு சீன விருந்துகளில் பெருவிலைக்குப் போகும் சூப்புப் பொருள் என்பதால், குஞ்சு பொரிக்குமுன்பே பெயர்த்தெடுக்கப்பட்டது. குருவிகள் வேகமாகக் குறைந்தன. சங்கரன் ஒவ்வொரு குகையிலும் கூடுகளை எண்ணினார். எண்ணியதோடு நிற்கவில்லை. கூடு எடுத்துப் பிழைத்தவர்களையே குகைக்குக் காவலராக்கினார். குஞ்சு பறந்துபோன பின் வெறுங்கூட்டை எடுத்தால் குருவியும் வாழும், அவர்களும் வாழலாம் என்று வாதாடினார். 2009 ஜனவரியில், இன்னும் செய்ய எவ்வளவோ இருந்த வயதில், அவர் காலமானார். ஒரு சிறு கடற்குகைக்குள் இறங்கிச் சுவரில் ஒட்டிய கிண்ணங்களைப் பொறுமையாக எண்ணிய அந்த மனிதரை நினைக்கும்போது, அளத்தலும் எண்ணுதலும் ஒருவகை வழிபாடு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. இவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவருக்குத்தான் இவ்வளவு போய்விட்டது என்பதும் வலிக்கும்.

நம் மலைக்குத் திரும்புவோம். புடவிலிருந்து புறப்பட்ட பழந்தின்னி என்ன செய்கிறது? காட்டத்தியையும் ருத்திராட்ச இனத்து மரங்களின் பழங்களையும் தேடுகிறது. பழத்தை வாயால் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய், சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்புகிறது. பெரிய கொட்டையை அங்கேயே போடுகிறது. அத்தியின் பொடி விதைகளோ உள்ளே போய், அரைமணி நேரத்துக்குள், அது பறந்துகொண்டிருக்கும்போதே வெளியே விழுகின்றன. கிளை தேடி அமரும் பறவை மரத்தடியில் விதைக்கிறது. பறந்துகொண்டே இடும் வௌவால், மரமே இல்லாத வெட்டவெளியிலும் மண்சரிந்த இடத்திலும் விதைக்கிறது. அந்த விதைகளில் ஒன்று முளைத்து, வேர் இறக்கி, நிழல் விரிக்கும்போது அதன் கீழே ஈரம் தங்குகிறது. ஏலம் நிழலின் பிள்ளை. மேலே மரம் இல்லாமல் அது வாழாது. மேகமலைக் காடு பிடித்து வைத்த மழைதான் சுருளியில் அருவியாகக் கொட்டுகிறது; அதை ஒட்டிய வருசநாட்டு மலையில்தான் வைகை பிறக்கிறது. மதுரையில் ஒருவர் குழாயைத் திறந்து கைகழுவும்போது, எந்தப் புடவிலிருந்து எந்த இரவில் புறப்பட்ட எந்தச் சிறகு அந்த நீருக்குப் பின்னால் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? பற்பல கைகள் கோத்த இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும்தான் வௌவால். ஆனால் எந்தக் கண்ணி கழன்றால் எது அறும் என்று நமக்கு முழுதாகத் தெரியாத நிலையில், எந்தக் கண்ணியையும் சிறிது என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

நாம் சொல்லியிருக்கிறோம். லாட்டிடென்ஸ் பெயர் பெற்ற அதே 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் வைத்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்றிருந்தது. மேகமலை வௌவாலுக்கு மட்டும் பின்னர் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில், இடம் கிடைத்தது. அந்தத் தீங்குயிர் அட்டவணையே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. சட்டம் திருந்திவிட்டது; பழக்கம் திருந்த நாளாகும். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று இன்றும் வௌவாலைச் சுட்டுத் தின்பவர்கள் உண்டு. அதனால் நோய் தீர்வதில்லை. வௌவாலிலிருந்து தொற்றக்கூடிய நிபா நோயின் பெயர் கேரளத்திலிருந்து வந்ததும் குகைவாசலில் புகை போட்டால் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. கலைக்கப்பட்ட வௌவால் சிதறிப் பறந்து ஊருக்குள்தான் வரும். கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாமல் இருப்பதும், குகையைக் குகையாக விட்டுவைப்பதும்தான் நமக்கும் வௌவாலுக்கும் காப்பு. மேகமலை 2009இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர் மலைகளோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஆனால் ஏலமும் காப்பியும் தேயிலையும் விளையும் தோட்டங்களுக்குள் இருக்கும் புடவுகளுக்கு, அங்கே வேலை செய்பவர்களும் தோட்டத்துக்காரர்களும்தான் காவல்.

உங்கள் தோட்டத்துப் பாறை ஒன்றின் அடியிலும் அப்படி ஒரு வாசல் இருக்கலாம். அங்கே குப்பை கொட்ட வேண்டாம், அடுப்பு மூட்ட வேண்டாம். இருட்டைக் கிழிக்கும் டார்ச்சும் கைதட்டலும் வேண்டாம். வாசல் எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை அடி அகலம், அடியில் என்னென்ன கொட்டைகள் எந்த மாதத்தில் கிடக்கின்றன என்று பிள்ளைகளின் பழைய நோட்டொன்றில் எழுதி வைத்தால், அதுவே ஒரு நல்ல அளவை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கோ மதுரைப் பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், தெரிந்தவர் ஒருவரோடு, சிறு விளக்கோடு, சீக்கிரம் திரும்பும் எண்ணத்தோடு போக வேண்டும். தாய்கள் குட்டியை மார்பில் சுமந்து தொங்கும் மாதங்களில் அதுவும் கூடாது. திடுக்கிட்டு எழும் தாயின் பிடியிலிருந்து குட்டி விழுந்துவிடும். அந்த மாதங்களில் வெளியே தள்ளி நின்று, அந்தியில் வாசலைக் கடப்பவற்றை எண்ணி எழுதிக்கொண்டால் போதும்.